யாருடைய குழந்தை? – வெர்ஜிலும் எசாயாவும் கண்ட மெசியா நம்பிக்கை

சென்ற ஆண்டுத் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மீட்பரின் வருகைக்காக இஸ்ரயேல் மக்கள் மட்டுமல்லர், புறவினத்தாரும் ஏங்கிக் காத்திருந்தனர் என்பதை விளக்க, உரோமைப் பெருங்கவிஞர் வெர்ஜிலின் ஆயர் பாடல்களுள் நான்காவதை மறையுரையில் எடுத்துக்காட்டினேன். கி.மு. 40ஆம் ஆண்டிலேயே ஒரு கன்னியின் வருகையையும், ஒரு குழந்தையின் பிறப்பையும், அக்குழந்தையோடு தொடங்கும் பொற்காலத்தையும் அக்கவிஞர் பாடிவிட்டார் என்று சொன்னபோது மக்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டனர். குருமட வகுப்பில் நான் கேட்டு மகிழ்ந்த செய்தி அது; பல திருவருகைக் காலங்களில் எனக்குக் கைகொடுத்த செய்தியுங்கூட.

திருப்பலி முடிந்ததும், எம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் திருப்பொருள் அறைக்கு வந்தார். "சாமி, அந்தப் பாட்டு முழுவதும் எப்படி இருக்கும்? அவர் பாடியது யாருடைய குழந்தையை?" என்று கேட்டார். குறை காண வந்தவர் அல்லர். பாட்டைக் கேட்டால் அதன் திணையும் துறையும் கேட்கும் பழக்கம் உடையவர். "ஐயா, முழுப் பாட்டையும் நான் படித்ததில்லை" என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லும்போது நாணினேன். படிக்காத ஒரு கவிதையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, நமக்கு வேண்டிய ஒரு சொல்லை மட்டும் அதனிடமிருந்து வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறேன் அல்லவா?

அதன் பிறகு அப்பாடலை மட்டுமன்று, அத்தொகுப்பிலுள்ள பத்துப் பாடல்களையும் படித்தேன். எசாயாவை மீண்டும் படித்தேன். யூத மரபின் நூல்கள் சிலவற்றையும் புரட்டினேன். அவ்வாசிப்பில் தெளிந்த ஒன்றை வாசகரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடலின் பின்னணி

வெர்ஜில் கி.மு. 70இல் பிறந்து கி.மு. 19இல் மறைந்தவர். அவர் வளர்ந்த காலம் உரோமை தன் கையாலேயே தன் குருதியைச் சிந்திய காலம். கி.மு. 44இல் யூலியு சீசர் கொலையுண்டார். கி.மு. 42இல் பிலிப்பிப் போரில் சீசரைக் கொன்றவர்கள் வீழ்ந்தனர். வெற்றி பெற்ற அந்தோனியும் ஒக்தாவியானும் விரைவிலேயே ஒருவர்மீது ஒருவர் வாளோங்கும் நிலைக்கு வந்தனர். கி.மு. 40இல் பிருந்திசியம் என்னும் துறைமுக நகரில் இருவரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதை உறுதிப்படுத்த, ஒக்தாவியானின் தமக்கை ஒக்தாவியாவை அந்தோனி மணந்தார். அவ்வுடன்படிக்கைக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர், அவ்வாண்டின் ஆட்சித் தலைவரான பொல்லியோ. நான்காம் பாடல் அவரை நோக்கியே பாடப்பட்டது.

63 அடிகளே கொண்ட அப்பாடலின் பொருள் இது: கூமே நகரத்துச் சிபில்லா என்னும் குறிசொல்லி முன்னறிவித்த இறுதி ஊழி வந்துவிட்டது. மண்ணை விட்டுப் போன கன்னி திரும்புகிறாள். இக்கன்னி, மனிதரின் தீமை பொறாது விண்ணுக்கு மீண்ட நீதித் தெய்வம் என்பதை உரோமையர் அறிவர். குழந்தையின் தாய் அல்லள். ஒரு குழந்தை பிறக்கிறது. அதன் தொட்டிலே மலர் சொரிகிறது. ஆடுகள் தாமே மடி நிறையப் பாலோடு வீடு திரும்புகின்றன, மாட்டுமந்தை சிங்கத்தை அஞ்சுவதில்லை, பாம்பு மடிகிறது. ஆயினும் பழைய தீமையின் சுவடு சிறிது எஞ்சும். மீண்டும் ஒரு கடற்பயணம், மீண்டும் ஒரு திரோயாப் போர் நிகழும். குழந்தை வளர்ந்து ஆளானபின் கப்பல் வேண்டாம், வணிகம் வேண்டாம், ஏர் வேண்டாம். எல்லா நிலமும் எல்லாம் விளைக்கும். ஆட்டின் கம்பளிக்குச் சாயம் ஏற்றவும் வேண்டா. புல்வெளியில் மேயும்போதே கடாவின் உரோமம் செந்நீலமாகவும் மஞ்சளாகவும் தானே மாறிக்கொள்ளும். இறுதியில், தாயை நோக்கிச் சிரிக்குமாறு குழந்தையைக் கவிஞர் கொஞ்சுகிறார்.

யாருடைய குழந்தை அது? வெர்ஜில் பெயர் சொல்லவில்லை. அந்தோனிக்கும் ஒக்தாவியாவுக்கும் பிறக்கவிருந்த குழந்தை என்பர் சிலர். ஒக்தாவியானின் மனைவி ஸ்கிரிபோனியா சுமந்த குழந்தை என்பர் வேறு சிலர். பொல்லியோவின் மகன் காலுசு, அது தானே என்று சொல்லிக்கொண்டதாகவும் பழைய உரையாசிரியர் குறித்துள்ளனர். ஒக்தாவியா அந்தோனிக்குப் பெற்றவை இரண்டும் பெண்மக்கள். ஸ்கிரிபோனியாவுக்குப் பிறந்ததும் பெண். உடன்படிக்கையும் நிலைக்கவில்லை. கி.மு. 31இல் ஆக்தியம் கடற்போரில் அந்தோனியை ஒக்தாவியான் முறியடித்தார். கவிஞர் எதிர்நோக்கிய பிள்ளை பிறக்கவில்லை. பாட்டு மட்டும் பிறந்து, அந்தக் காலியிடத்தை நிரப்ப ஒருவரைத் தேடிக்கொண்டே நூற்றாண்டுகளைக் கடந்தது.

பாம்பும் ஏரும்

இனி எசாயா நூலுக்கு வருவோம். ஈசாய் என்னும் அடிமரத்திலிருந்து தளிர் துளிர்க்கும் என்று தொடங்கும் 11ஆம் அதிகாரத்தை நான்காம் பாடலோடு ஒப்பிடாத உரையாசிரியர் அரியர். இரண்டிலும் சிங்கம் உண்டு, பாம்பு உண்டு, குழந்தை உண்டு, அமைதி உண்டு. ஒற்றுமை மேலோட்டமானதன்று, வெர்ஜிலுக்கு யூதரின் நூல்கள் வேறு வழியாக ஒருவாறு தெரிந்திருக்குமோ என்றுகூட அறிஞர் எண்ணிப் பார்த்துள்ளனர். ஆனால், இலக்கியம் பயின்றோர் அறிவர்: உவமை ஒன்றாயிருக்கும்போதுதான் வேற்றுமையைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

முதலாவது, வரிசை. எசாயாவில் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாய்த் தங்குவதற்கு முன்பே, வரவிருக்கும் அரசர் ஏழைகளுக்கு நேர்மையோடு தீர்ப்பு வழங்குகிறார். நாட்டின் எளியோருக்காக நடுநிலையோடு முடிவு செய்கிறார் (எசா 11:4). விலங்குகளின் அமைதி அந்நீதியின் கனி. வெர்ஜிலிலும் நீதித் தெய்வமாகிய கன்னி திரும்புகிறாள்; ஆனால் அவள் யாருக்கும் தீர்ப்பு வழங்குவதில்லை. 63 அடிகளில் ஏழை ஒருவன்கூட வருவதில்லை.

இரண்டாவது, பாம்பு. வெர்ஜிலின் பொற்காலத்தில் பாம்பு மடிந்துபோகிறது. எசாயாவில் அது சாவதில்லை. பால்குடி மறவாத பிள்ளை அதன் வளையருகே விளையாடுகிறது. சிங்கம் மாட்டைப்போல் வைக்கோல் தின்கிறது. பகைவன் அழிந்த அமைதி ஒன்று. பகை மட்டும் அழிந்து பகைவன் அயலானாகிவிட்ட அமைதி மற்றொன்று. பின்னதை அடைவது அரிது. ஏனெனில், பகைவனோடு நாமும் மாற வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, உழைப்பு. வெர்ஜிலின் இறுதிக் காட்சியில் ஏர் தேவையற்றதாகி, உழவன் காளைகளை அவிழ்த்து விடுகிறான். எசாயாவிலோ வாள் ஏராகிறது (எசா 2:4). அந்நூலின் பிற்பகுதி வாக்களிக்கும் புது உலகில் மக்கள் வீடு கட்டுவர், அதில் தாமே குடியிருப்பர். திராட்சைத் தோட்டம் வைப்பர், அதன் கனியைத் தாமே உண்பர். ஒருவர் நட்டதை மற்றொருவர் உண்ணும் நிலை இராது (எசா 65:21-22). உழைப்பு நீங்கிய சுகம் இங்கே வாக்களிக்கப்படவில்லை. உழைப்பின் பயன் பறிபோகாத வாழ்வு வாக்களிக்கப்படுகிறது.

நான்காவது, காலம். வெர்ஜிலின் பொற்காலம் ஊழிச் சக்கரம் சுழன்று மீண்டும் வரும் ஒரு பருவம். அதனால்தான் பழைய கப்பலும் பழைய போரும்கூடத் திரும்ப வருகின்றன. எசாயாவின் நம்பிக்கைக்கு அடிப்படை சக்கரமன்று, வாக்கு. எகிப்தில் தம் மக்களை விடுவித்தவர் கொடுத்த சொல். நம் தமிழாசிரியர் இதைக் கேட்டபோது, "முல்லைத் திணையைப் போல, சாமி" என்றார். முல்லை ஆயர் வாழும் நிலம். அதன் உரிப்பொருள் இருத்தல். அங்கே காத்திருப்பவள் பருவம் மாறுவதற்காக மட்டும் காத்திருப்பதில்லை; கார்காலத்தில் வருவேன் என்று சொல் தந்து போனவனுக்காகக் காத்திருக்கிறாள். பருவம் வந்தும் அவன் வாராதபோது அவளைத் தாங்குவது அச்சொல் ஒன்றே. இஸ்ரயேலின் காத்திருத்தலை இதைவிடச் சுருக்கமாக எனக்கு விளக்கத் தெரியவில்லை.

ஒரே நம்பிக்கையன்று

யூதரின் மெசியா நம்பிக்கை ஒரே வடிவினது என்று எண்ணுவதும் தவறு. நாம் மறைக்கல்வி வகுப்பில் அவ்வாறே கற்பித்து வந்திருக்கிறோம். மெசியா என்னும் சொல்லுக்கு அருள்பொழிவு பெற்றவர் என்பதே பொருள். எசாயா நூல், யூதரே அல்லாத பாரசீக மன்னர் சைரசை அச்சொல்லால் அழைக்கிறது (எசா 45:1). கி.மு. 539இல் பாபிலோனைக் கைப்பற்றி, நாடுகடத்தப்பட்ட யூதர் ஊர் திரும்ப வழிசெய்தவர் அவர். அதே வெற்றியைப் பற்றிப் பாபிலோனில் அவர் பெயரால் எழுதப்பட்ட களிமண் உருளையொன்று 1879இல் கண்டெடுக்கப்பட்டது. சைரசைத் தெரிந்துகொண்டவர் மர்தூக் தெய்வம் என்கிறது அது. ஒரே அரசர், இரு சமயங்களின் நம்பிக்கையும் அவர்மேல் வந்து தங்கியது.

கி.மு. 63இல் உரோமைத் தளபதி பொம்பேயு எருசலேமைக் கைப்பற்றிக் கோவிலின் தூயகத்துள் நுழைந்தார். அந்த அவமானத்திலிருந்து பிறந்தது, 'சாலமோனின் திருப்பாடல்கள்' என்னும் பெயரில் கிரேக்கத்திலும் சிரியாக்கிலும் நமக்குக் கிடைத்துள்ள 18 பாடல்களின் தொகுப்பு. அதன் 17ஆம் பாடல் தாவீதின் வழிமரபில் ஓர் அரசரை வேண்டுகிறது: எருசலேமைப் புறவினத்தாரிடமிருந்து தூய்மையாக்குபவர், ஆனால் குதிரையையும் வில்லையும் பொன்னையும் நம்பாதவர். இதுவும் நான்காம் பாடலும் ஏறத்தாழ ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை. வென்றவர்களின் நகரில் ஒன்று, தோற்றவர்களின் நகரில் மற்றொன்று. 1947 முதல் கும்ரான் குகைகளில் கிடைத்த ஏடுகளுள் அக்குழுவின் ஒழுங்குநூல், ஓர் இறைவாக்கினரையும், ஆரோனின் மெசியா, இஸ்ரயேலின் மெசியா என இருவரையும் எதிர்பார்க்கிறது.

புறச்சமய உலகிலும் அப்படியே. நம் பழைய மறையுரைகளில் அவர்களை 'அஞ்ஞானிகள்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவோம். அச்சொல் அவர்களைப் பற்றிச் சொல்வதைவிட நம்மைப் பற்றியே மிகுதியாய்ச் சொல்லுகிறது. கி.மு. 9இல் ஆசியா மாநிலத்து நகரங்கள், அகுஸ்து சீசரின் பிறந்தநாளான செப்டம்பர் 23ஐ ஆண்டின் முதல் நாளாகக் கொள்ளத் தீர்மானித்தன. பிரியேனே நகரில் கிடைத்த அத்தீர்மானத்தின் கல்வெட்டு, போரை நிறுத்திய மீட்பர் என்று சீசரைப் போற்றி, அவர் பிறந்தநாளை உலகிற்கு நற்செய்திகளின் தொடக்கம் என்கிறது. பிருந்திசியத்தில் உடன்படிக்கை செய்த அதே ஒக்தாவியானே இந்த அகுஸ்து.

இக்கல்வெட்டைப் படித்தபின் லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். அகுஸ்து சீசரின் பெயரோடு அது தொடங்குவது ஏன் என்பது விளங்கும். நற்செய்தி, மீட்பர், அமைதி – பேரரசு தனதாக்கிக்கொண்ட சொற்களை லூக்கா ஒவ்வொன்றாக எடுத்து, மக்கள்தொகைக் கணக்குக்காக அலைக்கழிக்கப்பட்ட ஓர் ஏழைக் குடும்பத்தின் தீவனத்தொட்டியருகே வைக்கிறார். கேட்பவர்களும் ஆயர்களே, ஆனால் வெர்ஜிலின் ஆயர்களைப்போல் மர நிழலில் குழலூதுபவர்கள் அல்லர், இரவில் விழித்துக் கிடைகாக்கும் கூலிக்காரர்கள்.

நாம் செய்த பிழை

திருச்சபை வெர்ஜிலை எவ்வாறு வாசித்தது? 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லக்தான்சியு, வரவிருக்கும் ஆயிரமாண்டு அரசுக்குச் சான்றாக நான்காம் பாடலைக் காட்டினார். கான்ஸ்டன்டைன் பேரரசர் பெயரால் வழங்கும் ஓர் உரை, அப்பாடலைக் கிரேக்கத்தில் தந்து, கிறிஸ்துவைப் பற்றிய இறைவாக்காகவே விளக்கியது. அம்மொழிபெயர்ப்பில் பொல்லியோவின் பெயர் மறைந்துபோயிற்று. புனித அகுஸ்தினார், சிபில்லாவின் வாக்கு வெர்ஜில் வழியாகக் கிறிஸ்துவையே சுட்டியது என்று கருதினார். இறந்தோருக்கான பழைய இலத்தீன் திருப்பலியில் பாடப்பட்ட இறுதித் தீர்வைப் பாடல், தாவீதையும் சிபில்லாவையும் ஒருங்கே சாட்சிகளாக நிறுத்தியது. சிஸ்டைன் சிற்றாலயத்தின் மேற்கூரையில் மைக்கேலாஞ்சலோ 7 இறைவாக்கினரோடு 5 சிபில்லாக்களையும் தீட்டினார். தாந்தே தம் காப்பியத்தின் இரண்டாம் பகுதியில், வெர்ஜிலால் தாம் கிறிஸ்தவரானதாக ஸ்தாசியு என்னும் கவிஞரைச் சொல்ல வைக்கிறார். விளக்கைத் தன் முதுகுப்புறம் ஏந்திப் பின்வருவோருக்கு மட்டும் ஒளிதருபவன் போன்றவர் வெர்ஜில் என்று அங்கே ஓர் உவமையும் உண்டு. அழகிய உவமைதான், ஆயினும் அந்த வெர்ஜிலுக்குத் தாந்தேயின் விண்ணகத்தில் இடமில்லை.

இந்நீண்ட வரிசையில் புனித எரோணிமுசு மட்டும் தனித்து நிற்கிறார். வெர்ஜிலைக் கிறிஸ்து இல்லாத கிறிஸ்தவராக்குவது சிறுபிள்ளைத்தனம் என்று அவர் ஒரு மடலில் கடிந்துகொண்டார். திருவிவிலியத்தை எபிரேயத்திலிருந்து சொல் சொல்லாகப் பெயர்த்தவருக்கு, ஒரு நூல் தான் சொல்லாததைச் சொல்லுமாறு வற்புறுத்தப்படும்போது வலித்திருக்கும்.

சிறுபிள்ளைத்தனத்தோடு இது நின்றிருந்தால் கவலையில்லை. ஆள்பவரை மெசியாவாக்கும் பழக்கமும் கூடவே நம்மிடம் தொற்றிக்கொண்டது. 325இல் நீசேயாப் பொதுச்சங்கம் முடிந்ததும், கான்ஸ்டன்டைன் தம் ஆட்சியின் இருபதாம் ஆண்டை முன்னிட்டு ஆயர்களுக்கு விருந்தளித்தார். உருவிய வாளோடு நின்ற காவலர் நடுவே ஆயர்கள் அச்சமின்றி நடந்துசென்று பேரரசரின் பந்தியில் அமர்ந்ததை வருணிக்கும் வரலாற்றாசிரியர் யூசேபியுசு, கிறிஸ்துவின் அரசின் சாயலே அது என எண்ணத் தோன்றும் என்கிறார். துன்புறுத்தப்பட்டு வடுக்களோடு வந்தவர்களின் களிப்பை நாம் எளிதாகப் பழிக்க முடியாது. ஆயினும் அங்கே நடந்தது என்ன? வெர்ஜிலைக் கிறிஸ்தவராக்கப் புறப்பட்ட நாம், நம்மை அறியாமலே பிரியேனே நகரத்தாராகிவிட்டோம்.

யூதரின் மறுப்பு

யூதர் மெசியாவை ஏற்கவில்லை என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் தங்களிடையே தோன்றியவர்களையும் எளிதில் ஏற்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். 132 முதல் 135 வரை உரோமையை எதிர்த்துப் போரிட்ட பார் கொக்பாவை இரபி அக்கிபா மெசியா என்று வாழ்த்தினார். உம் கன்னத்தில் புல் முளைக்கும் நாளிலும் மெசியா வந்திருக்க மாட்டார் என்று இன்னோர் இரபி அவருக்கு மறுமொழி கூறியதாக எருசலேம் தால்மூது பதிவுசெய்துள்ளது. அப்போரில் யூதேயா சிதைந்தது.

1263இல் பார்சலோனாவில், அரகோன் மன்னர் முதலாம் யாக்கோபின் முன்னிலையில் நடந்த சமய வாதத்தில் இரபி நாக்மானிதெசு எழுப்பிய வினா இன்றும் நம்மைவிட்டு அகலவில்லை. மெசியா வந்தபின் நாட்டுக்கு எதிராய் நாடு வாளெடுக்காது என்கிறார் எசாயா. ஆனால் உலகம் இன்னும் வன்முறையாலும் கொள்ளையாலும் நிறைந்திருக்கிறதே என்றார் அவர். போர்க்கலை பயிலாவிடில் மன்னரும் அவருடைய வீரரும் என் செய்வர் என்றும் கேட்டார். முதிய வயதில் அவர் தாயகம் துறந்து பாலஸ்தீனம் செல்ல நேர்ந்தது. வினா மட்டும் நம்மிடமே தங்கிவிட்டது.

பாபிலோன் தால்மூதில் வரும் ஒரு கதை என்னை மிகவும் தொட்டது. மெசியா எங்கே இருக்கிறார் என்று கேட்ட இரபி ஒருவருக்கு, உரோமை நகர வாயிலில் என்று விடை கிடைக்கிறது. எப்படி அடையாளம் காண்பது? நோயுற்ற ஏழைகள் நடுவே அமர்ந்திருக்கிறார். மற்றவர்கள் தங்கள் புண்களின் கட்டுகளையெல்லாம் ஒருசேர அவிழ்த்துக் கட்டுகிறார்கள். அவர் மட்டும் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கட்டுகிறார். அழைப்பு வந்தால் உடனே எழுந்து போக வேண்டுமே என்பதற்காக! நம் நற்செய்தியை ஏற்காத ஒரு மரபு, மீட்பரை நம் நற்செய்தி வைத்த அதே இடத்தில் கண்டிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மெலிபேயு

இப்போது ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன். வெர்ஜிலில் மெசியா நம்பிக்கை உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் நூற்றாண்டுகளாக நாம் தேடிய நான்காம் பாடலில் அன்று. அது முதற்பாடலில் இருக்கிறது.

பிலிப்பிப் போருக்குப் பின், போரிட்ட படைவீரருக்குப் பரிசளிக்க இத்தாலிய உழவர்களின் நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. முதற்பாடலில் இரு ஆயர்கள் சந்திக்கின்றனர். தித்திரு என்பவன் உரோமைக்குப் போய் ஓர் இளைஞனின் தயவால் தன் நிலத்தைத் திரும்பப் பெற்றவன். அந்த இளைஞனைத் தெய்வம் என்கிறான். மெலிபேயு எல்லாம் இழந்து, சோர்ந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறவன். அவற்றுள் ஒன்று சற்றுமுன்தான் வெறும் பாறைமேல் இரட்டைக் குட்டி ஈன்று, அவற்றை விட்டுவிட்டு வந்திருக்கிறது. தான் உழுது விதைத்த வயலை ஏதோ ஒரு போர்வீரன் அறுக்கப் போகிறானே என்று அவன் புலம்புகிறான்.

ஒருவர் நட்டதை மற்றொருவர் உண்ணும் நிலை இராது என்ற எசாயாவின் வாக்கு யாருக்காகச் சொல்லப்பட்டது? மெலிபேயுவுக்காக அல்லவா? அவனோ அவ்வாக்கைக் கேட்டறியாதவன்; யூதனும் அல்லன், கிறிஸ்தவனும் அல்லன். நாம் நான்காம் பாடலின் தொட்டிலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மீட்பர் தேவைப்பட்டவன் முதற்பாடலின் சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தான். ஆள்பவர் தரும் மீட்பின் இயல்பையும் அப்பாடல் மறைக்கவில்லை: தித்திருவுக்குத் தயவு கிடைக்கிறது, மெலிபேயுவுக்கு இல்லை. வெர்ஜிலை முகத்துதி பாடியவர் என்று ஒதுக்குவோர், அவரே முதலில் வைத்த இந்தப் பாடலைப் படிக்க வேண்டும்.

பாடலின் முடிவில், இன்று ஓர் இரவேனும் என்னோடு தங்கிப் போ என்கிறான் தித்திரு. பழமும் கஷ்கொட்டையும் பாலாடைக்கட்டியும் இருக்கின்றன. தொலைவில் கூரைகளிலிருந்து புகை எழுகிறது. மலைகளின் நிழல் நீள்கிறது. மெலிபேயு தங்கினானா என்று கவிஞர் சொல்லவில்லை.

இவ்விடத்தில் எனக்கு எம்மாவு நினைவுக்கு வந்தது. இஸ்ரயேலை மீட்பார் என்று தாங்கள் எதிர்நோக்கியிருந்ததை இறந்தகாலத்தில் சொல்லும் இருவர், சாயும் பொழுது, தங்குமாறு ஒரு வேண்டுகோள், பகிரப்பட்ட அப்பம் (லூக் 24:13-35). நம் நம்பிக்கையும் ஏமாற்றத்தின் வழியாகவே வந்தது. சிறையிலிருந்த திருமுழுக்கு யோவான், வரவேண்டியவர் இவர்தாமா என ஆளனுப்பிக் கேட்டபோது, இயேசு தம் பட்டத்தைச் சொல்லவில்லை. பார்வையற்றோர் பார்ப்பதையும் ஏழைகள் நற்செய்தி கேட்பதையும் போய்ச் சொல்லச் சொன்னார் (மத் 11:2-6). கேட்டவருடைய சிறைக்கதவு திறக்கப்படவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

எனவே, மெசியா வந்துவிட்டார் என்று அறிக்கையிடும் நாமும் காத்திருப்பவர்களே. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், இறைவனின் இரு மக்களும் ஒத்த இலக்கை நோக்கிக் காத்திருப்பதைச் சுட்டி, நாம் காத்திருப்பது இறந்து உயிர்த்த மெசியாவின் திரும்பி வருதலுக்காக, அவர்கள் காத்திருப்பது முகம் மறைந்திருக்கும் மெசியாவின் வருகைக்காக என்று வேறுபடுத்துகிறது. பாப்பிறை விவிலியக் குழு 2001இல் வெளியிட்ட ஆவணம், யூதரின் எதிர்நோக்கு வீணானதன்று. நம் நம்பிக்கை தூங்கிவிடாதிருக்க அது ஒரு தூண்டுதல் என்கிறது. இவ்விரண்டையும் படிக்கும்போது, அவர்களது காத்திருத்தலைப் பிடிவாதம் என்று நான் மறையுரைகளில் பேசிய நாள்களை எண்ணி வருந்துகிறேன். நாக்மானிதெசின் வினாவுக்கு வாதத்தால் விடை சொல்ல முடியாது. வாளை ஏராக்கும் வாழ்வே அதற்குரிய விடை. அந்த விடையை நாம் இன்னும் முழுமையாகச் சொல்லி முடிக்கவில்லை.

மூன்று நம்பிக்கைகளும் ஒன்றே என்று நான் கூற வரவில்லை. தீவனத்தொட்டியில் கிடத்தப்பட்டவரே மெசியா என்பது என் அறிக்கை, அதற்காகவே குருவானேன். ஆனால் ஒரு நம்பிக்கை உண்மையானதா என்று சோதிக்க ஓர் உரைகல் உண்டு: அது யாரை மறந்துவிட்டுப் பாடுகிறது என்று பார்க்க வேண்டும். மெலிபேயுவை மறந்த பொற்காலம், சீசருடையதாயினும் கான்ஸ்டன்டைனுடையதாயினும் பொற்காலமன்று. நாம் கிறிஸ்து பிறப்புக் குடில் அமைக்கும்போதும் இதே உரைகல்லில் நம்மை உரசிப் பார்க்கலாம். பிறர் அறுவடைக்காக விதைத்துவிட்டு ஊரைவிட்டுப் போகிறவர்கள் நம் சாலைகளிலும் நடக்கிறார்கள்.

இவ்வாண்டுத் திருவருகைக் காலத்திலும் வெர்ஜிலைப் பற்றிப் பேச எண்ணியிருக்கிறேன். ஆசிரியரிடம் சொன்னேன். "இந்த முறை எந்தப் பாட்டு, சாமி?" என்று கேட்டார். "முதற்பாட்டு, ஐயா. முழுவதும் படித்துவிட்டேன்" என்றேன்.